மூன்றாம் தரப்பு: பதவியளிப்புத் தகராறில் ஜெர்மானிய ஆயர்கள்

போப்பாண்டவர்களுக்கும் ஜெர்மானிய அரசர்களுக்கும் இடையே, ஆயர்களை அமர்த்தும் உரிமை பற்றி, 1122 வரை நீடித்த பதவியளிப்புத் தகராறைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கனோசாவையே முதலில் நாடுகின்றனர். 1077 ஜனவரிக் குளிரில் அரசர் நான்காம் ஹென்றி மன்னிப்பு வேண்டிக் கோட்டை வாசலில் வெறுங்காலுடன் மூன்று நாள் நின்ற காட்சி அத்தனை எடுப்பானது. ஆனால் இதற்கு முதன்மைச் சான்று போப்பாண்டவர் ஏழாம் கிரகோரியின் கடிதம். அவர் அதை எழுதியது ஜெர்மானியப் பிரபுக்களுக்கு. அரசரைத் தண்டிக்க அவர்களோடு கைகோத்திருந்தவர், தாம் ஏன் மன்னித்தோம் என்று அவர்களுக்குக் கணக்குக் காட்டுகிறார். அந்தக் கணக்கு எடுபடவில்லை. மார்ச்சிலேயே அவர்கள் ஃபோர்க்ஹைமில் கூடி, தங்களில் ஒருவரான ருடால்ஃபை எதிரரசராகத் தேர்ந்தெடுத்தனர்.

இதை இரு தலைமைகளின் மோதலாக மட்டும் படிப்பது பிழை என்பதே என் வாதம். அதற்கு வலுவான சான்று கனோசாவில் இல்லை. 1111 பிப்ரவரி 12 அன்று ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது.

ஜெர்மானிய ஆயர் சமயத் தலைவர் மட்டுமல்லர். நகரங்கள், சுங்கச் சாவடிகள், சந்தைகள், அக்கசாலைகள், கோட்டைகள் எனப் பலவற்றை அரசரிடமிருந்து பெற்று ஆண்டவர். பதிலுக்கு அரசரின் போருக்குப் படை அனுப்பியவர். மோதிரமும் கோலும் தந்து ஆயரை அமர்த்தும் உரிமையை அரசர்கள் விடாப்பிடியாகப் பற்றியிருந்ததன் காரணம் இதுவே.

துறவியாக வாழ்ந்து போப்பாண்டவரான இரண்டாம் பாஸ்கல் சிக்கலை வேரோடு வெட்டப் பார்த்தார். அரசு தந்த சொத்துகளையும் உரிமைகளையும் ஆயர்கள் திருப்பித் தந்துவிட வேண்டும். அரசர் பதவியளிப்பைக் கைவிட வேண்டும். காணிக்கையும் தனியார் கொடையும் திருச்சபைக்குப் போதும். அன்றைய அரசர் ஐந்தாம் ஹென்றி இதற்கு உடன்பட்டார். அவரது முடிசூட்டு நாளான அந்தப் பிப்ரவரி 12 அன்று ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதும் ஆயர்களும் பிரபுக்களும் கொதித்தெழுந்தனர். பிரபுக்களின் கோபத்துக்கும் காரணம் உண்டு: ஆயர்களிடமிருந்து அவர்கள் பெற்றிருந்த நிலங்களும் அதில் கைமாறியிருக்கும். முடிசூட்டல் நின்றது. ஹென்றி போப்பாண்டவரையும் கர்தினால்களையும் சிறைப்படுத்தி, ஏப்ரலில் பதவியளிப்பு உரிமையையும் மணிமுடியையும் பெற்றுக்கொண்டார். அந்தச் சலுகையை மறு ஆண்டே லாத்தரன் சங்கம் செல்லாததாக்கியது.

இந்த எதிர்ப்பை எதிர்பார்த்தே ஹென்றி சம்மதித்தார் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். அப்படியானாலும் என் வாதம் வலுப்பெறவே செய்கிறது: ஆயர்கள் மறுத்தால் போப்பாண்டவரின் கையெழுத்து செல்லாது என்பது ஹென்றிக்கும் தெரிந்திருந்தது.

1122இல் வோர்ம்ஸில் ஏற்பட்ட உடன்பாடு பாஸ்கல் முயன்றதற்கு நேர்மாறானது. பேரரசர் மோதிரத்தையும் கோலையும் விட்டார். ஜெர்மனியில் ஆயர் தேர்தல் அவர் முன்னிலையில் நடக்கும். தேர்வானவருக்கு அரசுரிமைகளை அவர் செங்கோலால் வழங்குவார். ஆயர்கள் ஒரு சுங்கச் சாவடியைக்கூட இழக்கவில்லை. இதற்கு முந்திய ஆண்டு வூர்ட்ஸ்பர்கில் பேரரசரைச் சமரசத்துக்கு நெருக்கியவர்களும் பிரபுக்களே.

மைன்ஸ் பேராயர் அடால்பெர்ட்டின் வாழ்க்கை, ஆயர்கள் தனித் தரப்பாக இயங்கினர் என்பதற்குத் தனிச்சான்று. ஐந்தாம் ஹென்றியின் தலைமைச் செயலராக இருந்து, 1111இல் அவர் கையாலேயே பேராயர் பதவி பெற்றவர். பிறகு பகைத்து, அவரது சிறையிலும் கிடந்தவர். 1125இல் ஹென்றி வாரிசின்றி இறந்தபோது, தேர்தலை நடத்தி, அவரது சகோதரி மகன் ஃபிரெடரிக்கை ஒதுக்கி, சாக்சனியின் லோத்தரை அரசராக்கியதில் முன்னின்றவர் இவரே.