ஊழியர் ஓய்வும் கொடைக்கானலும்

கிறித்தவத் திருச்சபையின் ஆயர், போதகர், மிஷனரி முதலியோர் தம் பணியிலிருந்து குறிப்பிட்ட காலம் விலகியிருந்து, உடலையும் உள்ளத்தையும் புதுப்பித்துக்கொள்வது ஊழிய ஓய்வு ஆகும். இது சோம்பலா, தேவையா என்னும் கேள்வி பழையது. கொடைக்கானல் உருவான வரலாறு அதற்கு ஒரு விடை தருகிறது.

விவிலிய அடிப்படை

ஏழாம் நாள் ஓய்வு யூதர் வாழ்வின் அடிப்படை விதி. ஆறு ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தை ஏழாம் ஆண்டில் தரிசாக விட வேண்டும் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கூறுகிறது. ஊர் ஊராகச் சென்று திரும்பிய சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதபடி மக்கள் நெருக்கியபோது, தனியிடம் சென்று இளைப்பாறும்படி இயேசு சொன்னதை மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் காணலாம்.

மதுரை மிஷனும் மலையும்

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் பணியைத் தொடங்கினர். காலராவும் காய்ச்சலும் தொடக்க ஆண்டுகளிலேயே அவர்களிலும் அவர்தம் குடும்பத்தாரிலும் சிலரைப் பலிகொண்டன. வேறு சிலர் நலம் குன்றித் தாய்நாடு திரும்பினர். தமிழ் கற்று மக்களோடு பழகவே ஒருவருக்குச் சில ஆண்டுகள் தேவை. அவரை இழந்தால் அந்த உழைப்பு முழுவதும் வீணாயிற்று.

எனவே முதலில் திண்டுக்கல் அருகிலுள்ள சிறுமலையில் தங்குமிடம் அமைத்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர், 1821இல் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி அளவிட்டிருந்த பழனி மலைகளை நாடினர். 1845இல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகள் எழுந்தன. இன்றைய கொடைக்கானல் நகரின் தொடக்கம் இதுவே. அந்நாளில் பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தான பாதையில் நடந்தும், குதிரையிலும், கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலும் மேலேறினர்.

ஓய்வின் பயன்

கோடையில் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் இங்கே கூடி ஜெபித்தனர். தம் பணிகளைக் குறித்துக் கலந்து பேசினர். அவர்களின் பிள்ளைகளுக்காக 1901இல் பள்ளி ஒன்றும் தொடங்கப்பட்டது.

பணியிலிருந்து விலகியிருந்த காலம் வீண்போகவில்லை என்பதற்குக் கால்டுவெல் சான்று. 1838இல் சென்னைக்கு வந்த அவர், பின்னர் இடையன்குடியில் உழைத்து உடல்நலம் குன்றினார். அதனால் இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது. அவர் தம் இறுதி நாள்களைக் கொடைக்கானலில் கழித்து, 1891 ஆகஸ்டு 28இல் அங்கேயே காலமானார். உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

கீழே இருந்தவர்கள்

மிஷனரிகள் மலையேறிய மாதங்களிலும் சமவெளியில் சபைகள் நடந்தன. பிணியாளரைச் சந்திப்பதும் இறந்தோரை அடக்கம் செய்வதும் நிற்கவில்லை. அவற்றைத் தாங்கியவர்கள் நம் நாட்டுப் போதகர்களும் உபதேசியார்களும் ஆவர். குறைந்த ஊதியத்தில் அதே வெயிலிலும் அதே காலராவிலும் உழைத்த அவர்களுக்கு மலை வீடு இல்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெளிநாட்டு மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நிலவிய விலகலைத் தமிழரான வே. ச. அசரியா வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அவரே. மலைக்கும் சமவெளிக்கும் இருந்த இடைவெளியையும் அந்த விலகலின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம்.

மதிப்பீடு

ஓய்வு உயிரையும் பணியையும் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நம்பிக்கையின் கட்டளையாக அன்றி, மரணங்களுக்குப் பின் தேடிய மருந்தாகவே வந்தது. அதுவும் ஒரு சாராருக்கே கிடைத்தது. லேவியராகமத்தின் ஓய்வாண்டோ நிலவுடைமையாளருக்கு மட்டும் உரியதன்று. வேலையாளும் அந்நியரும் கால்நடையும்கூட அதில் பங்குபெற்றனர். இன்று ஊழிய ஓய்வுக்கு விதி வகுக்கும் சபைகள், பேராயரை எண்ணும்போதே கிராமத்து உபதேசியாரையும் எண்ணினால்தான் அந்த விதி விவிலியத்தின் கருத்துக்கு ஒத்ததாகும்.