பிரதியாக்கத்தைத் தடுத்த மருந்து: எச்.ஐ.வி. சிகிச்சை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் மலேரியாக் காய்ச்சலை ஒதுக்கிவிட்டு அதனை எழுதுதல் இயலாது. குளங்களைச் சார்ந்த வயற் கிராமங்களிலும், நாயாறு, கொக்கிளாய் முதலிய களப்புக்களை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்நோய்க்கு அஞ்சி வாழ்ந்தனர். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுரைக்கப்பட்டது. மலேரியாக் கிருமிகளுள் ஒருவகை ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் பல கழிந்தபின் மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும் இயல்புடையது. எனினும் பிரிமாகுயின் என்னும் மருந்து அவ்வுறங்கு கிருமியையும் அழிக்க வல்லது. ஆதலால் சிகிச்சை முடிந்ததென மருத்துவர் கூறத்தக்க நாள் ஒன்று மலேரியா நோயாளிக்கு உண்டு.

எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர்க்கு அத்தகைய நாள் இன்றுவரை வாய்க்கவில்லை. என்புமச்சை மாற்றுச் சிகிச்சை முதலியவற்றால் விடுபட்ட மிகச் சிலரே இதற்கு விலக்காவர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது, அது சமூகத்தின்மீது சுமத்தும் கடமை யாது என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைரசு தானாகப் பெருகும் ஆற்றல் அற்றது. பிறிதோர் உயிர்க்கலத்தினுட் புகுந்து, அக்கலத்தின் பொறிமுறைகளைத் தன்வயப்படுத்தியே அது பெருகுகின்றது. எச்.ஐ.வி. புகும் கலங்களோ உடலின் நிர்ப்பீடனத்தை நெறிப்படுத்தும் வெண்குருதிக் கலங்களாகும். அவ்வைரசின் பரம்பரைச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது; கலத்தின் செய்தியோ டி.என்.ஏ. வடிவில் உள்ளது. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. தோன்றுமேயன்றி அதன் மறுதலை நிகழாதென்றே அறிவியலாளர் பலரும் நெடுங்காலம் கருதினர். 1970ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஹவார்ட் ரெமின், டேவிட் பல்ரிமோர் ஆகிய இருவரும் தனித்தனியே நிகழ்த்திய ஆய்வுகள் இக்கருத்தைத் தகர்த்தன. சில வைரசுகள் தம் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றுதற்குரிய நொதியம் ஒன்றைத் தம்முடனே கொண்டுள்ளன என்பதை அவர்கள் நிறுவினர். நேர்மாற்றுப் பிரதியாக்க நொதியம் எனத்தக்க இதனைக் கண்டறிந்தமைக்காக 1975இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது எச்.ஐ.வி. என்ற பெயரே உலகில் வழங்கவில்லை.

அந்நொதியத்தைத் தடுக்கும் மருந்தும் நோய் அறியப்படுவதற்கு முன்னரே ஆக்கப்பட்டிருந்தது. 1964ஆம் ஆண்டில் ஜெரோம் ஹோர்விற்ஸ் என்பார் புற்றுநோய்க்கு மருந்து காணும் முயற்சியில் அசிடோதைமிடீன் என்னும் சேர்வையைத் தயாரித்தார். அது புற்றுநோய்க்குப் பயன்படவில்லை. அவர் அதற்குக் காப்புரிமையும் பெறவில்லை. 1983இல் பாரிசின் பஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மொன்ரானியே ஆகியோர் புதிய வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாகி மிற்சுயா, சாமுவேல் புறோடர் முதலியோர், இருபது ஆண்டுகள் கிடப்பிற் கிடந்த அச்சேர்வை இவ்வைரசின் பெருக்கத்தைத் தடுப்பதை ஆய்வுகூடத்திற் கண்டனர்.

அம்மருந்து தொழிற்படும் முறை எளிதில் விளங்கத்தக்கது. டி.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகளுள் ஒன்றான தைமிடீனை அது தோற்றத்தில் ஒத்திருக்கும். நொதியம் ஏமாந்து அதனைச் சங்கிலியிற் கோத்துவிடும். ஆனால் அடுத்த கண்ணியைப் பிணைத்தற்குரிய இடம் அதில் இல்லை. முடிச்சு விழாத நூலைக் கையிற் பெற்ற வலைகாரன் மேற்கொண்டு வலையைப் பின்ன முடியாது நிற்பதுபோல, நொதியத்தின் பணி இடையில் அறுந்து நின்றுவிடும்.

282 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட பரிசோதனையில், வெற்று மாத்திரை பெற்றோருள் 19 பேர் இறக்க, மருந்து பெற்றோருள் ஒருவரே இறந்தார். 1986 செப்ரெம்பரில் அப்பரிசோதனை இடைநிறுத்தப்பட்டு, யாவர்க்கும் மருந்து வழங்கப்பட்டது. 1987 மார்ச்சில் அமெரிக்க அரசின் அங்கீகாரமும் கிடைத்தது.

எனினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்நொதியம் தான் எழுதியதைத் திருத்திப் பார்க்கும் இயல்பற்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரங்கோடி வைரசுகள் தோன்றுகின்றன என 1996இல் மதிப்பிடப்பட்டது. இத்துணைப் பெருக்கத்திற் பிழைகளும் மலிந்து, அப்பிழைகளுட் சில மருந்தை எதிர்த்து நிற்கும் வல்லமையை வைரசுக்கு அளித்தன. ஒரு மருந்தை வெல்ல ஒரு பிழை போதும்; வெவ்வேறு வழியில் தாக்கும் மூன்று மருந்துகளை ஒருங்கே வெல்லுதல் அரிது. 1995 இறுதியில், புதிய வைரசு முதிர்தற்கு வேண்டிய புரதப்பிளப்பைத் தடுக்கும் மருந்துகள் வெளிவரத் தொடங்கின. 1996இன் பின் கூட்டுமருந்துச் சிகிச்சை பரவலாயிற்று. வசதியுள்ள நாடுகளில் இறப்புக்கள் வெகுவாகக் குறைந்தன. வைரசின் டி.என்.ஏ. கலத்தின் டி.என்.ஏ.யுடன் இணைவதைத் தடுக்கும் மருந்து 2007இல் அங்கீகாரம் பெற்றது.

இவ்வளவிருந்தும் நோய் முற்றாக அகலாமைக்குக் காரணம், ஒருமுறை இணைந்துவிட்ட டி.என்.ஏ.யை இம்மருந்துகளால் அகற்ற முடியாமையே. அவை புதிய கலங்கள் தொற்றுக்குள்ளாவதைத் தடுக்கின்றன; முன்னரே விதைக்கப்பட்ட விதையோ நீண்ட ஆயுளுடைய சில கலங்களில் உறங்குகின்றது. 1997இல் வெளியான ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடம் வைரசு மீண்டும் தலைதூக்கும். மருந்தை இடைவிட்டு வழங்கலாமா என 33 நாடுகளில் 5,472 பேரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வு, இடைவிட்டோரிடையே நோயும் இறப்பும் மிகுந்தமையால் 2006 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. கலத்தினுள்ளே நிகழும் இவ்வுண்மையே கலத்துக்கு வெளியேயுள்ள சமூகத்துக்கும் கடமையொன்றை விதிக்கின்றது: மருந்து வாழ்நாள் முழுவதும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும்.

அதற்கு முதற்றடை விலையாக இருந்தது. கூட்டுமருந்துச் சிகிச்சைக்கு ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கு மேற் செலவாகியது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலிற் கண்டறியப்பட்டது தமிழகத்திலேயாம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த குருதி மாதிரிகள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பரிசோதிக்கப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. நோயை அறிந்தபோதும் மருந்தை வாங்கும் வசதி பெரும்பாலோர்க்கு இல்லை. மருந்துப் பொருளுக்கன்றி அதன் தயாரிப்பு முறைக்கே உரிமை வழங்கிய இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற வழிவகுத்தது. 2001 பெப்ரவரியில் யூசுப் ஹமீதின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டொலர் விலையில் மருந்து தர முன்வந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச சிகிச்சையை ஆரம்பித்தபோது, தாம்பரம் நெஞ்சுநோய் மருத்துவமனை முதல் எட்டு நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது.

இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று 1987இல் அறியப்பட்டது. இங்கும் 2004இல் இலவச சிகிச்சை தொடங்கிற்று. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுதலை ஒழித்த நாடென 2019இல் இலங்கை சான்று பெற்றமை பெருஞ் சாதனையே. எனினும் விலை நீங்கியபின்னும் தூரமும் அச்சமும் எஞ்சுகின்றன. நாயாற்றைச் சூழ்ந்த கரையோர மக்கள் 1984இன் இறுதியில் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின்னரே மீளத் தொடங்கினர். 2006 ஆகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டபோது, நாள்தோறும் மருந்து வேண்டிய எந்நோயாளிக்கும் பாதை மூடுதல் என்பது யாது பொருள்படும் என்பதை வன்னி மக்கள் அனுபவத்தால் உணர்ந்தனர். இன்று பாதை திறந்துள்ளது. ஆயினும் பருவந்தோறும் ஊர்விட்டு ஊர் சென்று கடற்கரை வாடிகளிற் பலருடன் தங்கித் தொழில் புரிவோன் ஒருவன், தன் மாத்திரைப் போத்தலைப் பிறர் காண்பரே என அஞ்சினால், பாதை திறந்திருந்தும் அவனுக்குப் பயனில்லை. அவன் மருந்தை விடுமிடத்து உறங்கும் வைரசு விழித்தெழும். எதிர்ப்பாற்றல் பெற்று எழவுங் கூடும். மாறாக, அவன் ஒழுங்காக மருந்துண்டு குருதியில் வைரசு புலப்படாத நிலையை எய்துவானாயின், பாலுறவு வழியாகப் பிறர்க்கு அதனைக் கடத்தமாட்டான் என்பது 2011இன் பின்வந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று.

ஆகவே, நோயாளியை இழிவாக நோக்கும் சமூகம் அவனுக்கு மட்டுமன்றித் தனக்கும் தீங்கு செய்துகொள்கின்றது எனலாம். நொதியத்தைத் தடுக்கும் வேலையை மருந்து செய்யும். அம்மருந்து ஒருநாளேனும் தவறாது அவன் கையைச் சேரவும், அதனை அவன் அச்சமின்றி உட்கொள்ளவும் வழிசெய்தல் அரசுக்கும் அயலவர்க்கும் உரிய பணியாகும்.