65 பேரை மீட்ட ‘கேப்ஸ்யூல்’... சுரங்க வீரத்துக்கு என்ன பதக்கம்? யாருக்குக் கிடைக்கும்?

போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கு என்னென்ன பதக்கம் என்று கேட்டால் பலரும் சொல்லிவிடுவார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சிக்கியவர்களைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்து இறங்குபவர்களுக்கு? அவர்களுக்கும் பதக்கம் உண்டு. அதன் பின்னணியைப் பார்ப்போம்.

எங்கே தொடங்கியது?

பிரிட்டனில் 1907-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் பெயரில் ‘எட்வர்ட் பதக்கம்’ உருவாக்கப்பட்டது. சுரங்கங்களிலும் கல்குவாரிகளிலும் சக தொழிலாளியைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கானது இது. வெள்ளி, வெண்கலம் என இரண்டு வகை. 1909-ல் மற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 1971-ல், அப்போது உயிரோடு இருந்த எட்வர்ட் பதக்கக்காரர்கள் அனைவரும் ‘ஜார்ஜ் கிராஸ்’ விருதாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

இந்தியாவில் என்ன பதக்கம்?

சுரங்கத்துக்கென்று தனியாக இல்லை. 1961-ல் தொடங்கப்பட்ட ‘ஜீவன் ரக்‌ஷா பதக்’ வரிசையில்தான் சுரங்க மீட்பும் வருகிறது. நீரில் மூழ்குதல், தீ விபத்து, மின்சாரம் தாக்குதல், நிலச்சரிவு போன்றவற்றில் உயிர் காப்பதும் இதில் அடக்கம். மூன்று வகைகள் இருக்கின்றன:

* சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்: காப்பாற்றுபவரின் உயிருக்கே மிகப்பெரிய ஆபத்து இருந்தால்
* உத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்: உயிருக்குப் பெரிய ஆபத்து இருந்தால்
* ஜீவன் ரக்‌ஷா பதக்: கடுமையான உடல் காயம் ஏற்படும் ஆபத்து இருந்தால்

பதக்கத்துடன் சான்றிதழும் ரொக்கமும் தரப்படும். இறந்த பிறகும் வழங்கலாம். ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறையினர் பணியில் இருக்கும்போது செய்த மீட்புக்கு இது கிடையாது.

1989-ல் ராணிகஞ்சில் நடந்தது என்ன?

மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில் உள்ள மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1989 நவம்பர் 13-ம் தேதி வெடி வைத்து நிலக்கரி எடுத்தபோது திடீரென வெள்ளம் புகுந்தது. உள்ளே சுமார் 220 பேர் இருந்தனர். பெரும்பாலானோர் லிஃப்ட் வழியாகத் தப்பிவிட்டனர். 71 பேர் மாட்டிக்கொண்டனர். அவர்களில் 6 பேர் நீரில் மூழ்கி இறந்தனர்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழக்கமான பாதையில் போக முடியவில்லை. மேலிருந்து புதிதாக ஒரு துளை போட்டு, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து அதன் வழியாக இறக்குவது என்று முடிவானது. இதே மாதிரி கூண்டு 1955-லேயே ஜெர்மனியின் டால்புஷ் நிலக்கரிச் சுரங்கத்தில் பயன்பட்டிருக்கிறது.

யார் இறங்கியது?

ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். அதிகாரியான அவர் மேலே நின்றே வேலையை நடத்தியிருக்கலாம். ஆனால் தானே கூண்டில் ஏறி உள்ளே போனார். காயமடைந்தவர்களையும் உடல்நிலை சரியில்லாதவர்களையும் முதலில் அனுப்பினார். நவம்பர் 16-ம் தேதி ஒவ்வொருவராக 65 பேரும் மேலே வந்தனர். கடைசியாகத்தான் கில் வந்தார். அதன்பிறகு அவருக்கு ‘கேப்ஸ்யூல் கில்’ என்றே பெயர் ஆகிவிட்டது.

1991-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக் வழங்கினார். கில் 2019-ல் காலமானார். அவர் கதைதான் 2023-ல் அக்‌ஷய் குமார் நடித்து வெளியான ‘மிஷன் ராணிகஞ்ச்’.

பதக்கம் மட்டும் போதுமா?

ராணிகஞ்சுக்கு 14 ஆண்டுகள் முன்பு, 1975 டிசம்பர் 27-ல் தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்திலும் வெள்ளம்தான் புகுந்தது. 370-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே துளை போட்டுக் காப்பாற்ற உயிரோடு யாரும் மிஞ்சவில்லை. மீட்பு என்பது எல்லாம் தவறிய பிறகு வருகிற கடைசி வாய்ப்பு. பக்கத்தில் எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பது வெடி வைப்பதற்கு முன்பே வரைபடத்தில் சரியாக இருந்தால், கூண்டுக்கும் வேலை இருக்காது, பதக்கத்துக்கும் வேலை இருக்காது.