கரண்ட் வந்தது, தரம் வந்ததா?

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நம் சேலம், நாமக்கல் சமவெளியின் மின்சார வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. எத்தனை மெகாவாட், எத்தனை கிராமம் என்ற கணக்கு புத்தகங்களில் இருக்கிறது. வந்தது எப்படிப்பட்ட கரண்ட் என்பதுதான் நான் சொல்ல வரும் கதை.

மேட்டூர் தந்த வெளிச்சம்

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அணையடி மின்நிலையம் 1937இல் ஓடத் தொடங்கி, படிப்படியாக 10 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு வந்தன. பாசனத்துக்குத் தண்ணீர் விட்டால்தான் டர்பைன் சுற்றும். ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். ஆகவே அன்றைய கேள்வி 'கரண்ட் உண்டா, இல்லையா' என்பதோடு சரி.

சேலம் ஈரோடு எலெக்ட்ரிசிடி டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனி என்ற தனியார் நிறுவனமும் அந்நாளில் இங்கே விநியோகம் செய்தது. 1957 ஜூலை 1இல் மாநில மின்வாரியம் பிறந்தது. அதன்பின் கம்பங்கள் வயலுக்குள் நடந்தன. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், தாழ்வழுத்த நுகர்வோருக்கு வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றன. கடைசிக் கம்பத்து விவசாயிக்கு அந்த விதி எட்டவில்லை.

கிணறு ஆழமானது, லைன் மெலிந்தது

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பி நீள நீள வோல்டேஜ் குறையும். 80 சதவீத வோல்டேஜில் மோட்டாரின் முறுக்குவிசை 64 சதவீதம்தான். அதே தண்ணீரை இறைக்க அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்தக் கூடுதல் ஆம்பியர், பக்கத்துத் தோட்டத்து வோல்டேஜை இன்னும் இறக்கும்.

கிணறு வற்றியதும் போர் போட்டோம். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போனதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். நம் மண்ணிலும் அவை ஆழம் ஆழமாகத் துளைத்தன. கம்ப்ரசரும் சப்மெர்சிபிளும் வந்தன, குதிரைத்திறன் ஏறியது, கம்பி மட்டும் பழையபடியே பல இடங்களில் நின்றது.

1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: மீட்டர் இல்லாத இடத்தில் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு சுமை என்ற கணக்கு கிடைப்பதில்லை. அளவே தெரியாதபோது தரத்தை யார் பார்ப்பது?

கண்டன்சரும் ஆட்டோ ஸ்டார்ட்டரும்

பம்ப்செட்டுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்தது. மற்ற நேரத்தில் வீட்டு விளக்குக்கு மட்டும் கரண்ட். மரவள்ளியும் கரும்பும் வாடும்போது விவசாயி சும்மா இருப்பாரா? கண்டன்சரை மாட்டி இல்லாத ஃபேஸை உண்டாக்கினார். தண்ணீர் வந்தது. ஆனால் மூன்று ஃபேஸும் சமமாக இல்லை. வோல்டேஜ் சமமின்மை 3.5 சதவீதம் ஆனாலே காயிலின் வெப்ப ஏற்றம் கால் பங்கு கூடிவிடும். காயில் கருகியது, ரீவைண்டிங் கடை நிறைந்தது. சரியாகச் சுற்றாத மோட்டார் இன்னும் அதிகம் இழுத்தது.

ஆட்டோ ஸ்டார்ட்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். மும்முனை வந்ததும் மோட்டார் தானே ஓட வேண்டும் என்று எல்லாரும் மாட்டினார்கள். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர், கிளம்பும்போது அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 45. பத்து மோட்டார் ஒரே நொடியில் கிளம்பினால் 450 ஆம்பியர். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமையே 133 ஆம்பியர்தான்! வோல்டேஜ் படுத்துவிடாமல் என்ன செய்யும்?

மேலே சீரானது, கீழே?

2008 முதல் 2014 வரை தமிழ்நாடு பட்ட மின்வெட்டை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். வீடு வீடாக இன்வர்ட்டர் வந்தது. மேலே பெரிய மாற்றமும் நடந்தது. 2003 ஜனவரி 1 முதல் தென்மாநிலங்களில் அலைவெண்ணுக்கேற்ப மின் விலை என்ற முறை வந்தது. 2013 டிசம்பர் 31இல் தென்மண்டல கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைந்தது. இன்று அலைவெண்ணை 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே வைக்கப் பாடுபடுகிறார்கள். நாட்டு அளவில் கரண்ட் இவ்வளவு சீரானபின்னும் தோட்டத்துக் கம்பத்தில் ஏன் சீராகவில்லை? ஏனென்றால் வோல்டேஜ் சங்கதி அந்தந்த லைனுக்குள்ளேயே உண்டாகிறது.

புதுத் தொல்லையும் அப்படித்தான். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தானியங்கித் தறிகள் வந்துவிட்டன. ஒரு சுற்று என்பது 20 மில்லி செகண்ட். சில சுற்றுகள் வோல்டேஜ் சரிந்தாலே காண்டாக்டர் விட்டுவிடும், தறி நிற்கும், துணியில் கோடு விழும். அலை கெடுவது இன்னொரு வகை. டிரைவ்களால் 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளும், எல்.ஈ.டி., கம்ப்யூட்டர்களால் 150 ஹெர்ட்ஸ் அலையும் கலக்கின்றன. இதுதான் ஹார்மோனிக்ஸ். மூன்று ஃபேஸின் 150 ஹெர்ட்ஸும் நியூட்ரலில் ஒன்றாகச் சேர்ந்து அதைச் சுட வைக்கும்.

வேலை விஷயமாக ஒரு நூற்பாலைக்குப் போனேன். கெப்பாசிட்டர்கள் அடிக்கடி வெடித்தன. "ஈ.பி. லைன்லதான் கோளாறு சார்" என்றார்கள். அளந்து பார்த்தால், அவர்கள் டிரைவ்களின் ஹார்மோனிக்ஸே அவர்கள் கெப்பாசிட்டரோடு ஒத்ததிர்ந்து அதை உடைத்துக்கொண்டிருந்தது. மீதி அலை லைனேறி அடுத்த ஆலைக்கும் போய்க்கொண்டிருந்தது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். வாய்க்காலில் மேல்மடைக்காரர் செய்வது கீழ்மடைக்காரரைப் பாதிப்பது நமக்குத் தெரியும். லைனும் வாய்க்கால்தான். வாரியத்தின் பங்கு இருக்கிறது. நீண்ட லைனுக்குப் பதில் 11 கே.வி.யை வயல்வரை கொண்டுபோய்ச் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது அவர்கள் வேலை. நம் பங்கும் இருக்கிறது. 5 எச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பெரிய செலவில்லை. ஒரே டிரான்ஸ்ஃபார்மர்காரர்கள் பேசி வைத்து ஒருவர் 10 விநாடி, அடுத்தவர் 20 விநாடி என்று ஆட்டோ ஸ்டார்ட்டரில் தாமதம் வைத்துக்கொண்டால், அத்தனை மோட்டாரும் ஒன்றாக முட்டாது.

இறுதியாண்டுத் தம்பி தங்கையரே, பிராஜெக்ட் தேடி எங்கும் அலைய வேண்டாம். ஒரு கிராமத்து லைன் முனையில், அனுபவசாலி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மும்முனை வரும் அந்த நிமிடத்தில் மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் அளந்து எழுதுங்கள். பிறகு தாமதம் வைத்து மறுபடி அளந்து, இரண்டு தாளையும் அந்த ஊர்க்காரர்களிடம் காட்டுங்கள். அடுத்த மலரில் அந்தக் கணக்கைப் படிக்க ஆவலோடு இருக்கிறேன். வாழ்த்துக்கள்!