அப்புக்காத்தும் நொத்தாரிசும்: இலங்கையிற் சட்டம் கற்ற இரு வழிகள்

அப்புக்காத்து, நொத்தாரிசு என்னும் இரு சொற்களும் ஒல்லாந்தர் ஆட்சி யாழ்ப்பாணத் தமிழிலே விட்டுச்சென்றவை. ஒரே மொழியிலிருந்து வந்தனவாயினும் இவ்விரண்டுக்கும் கிடைத்த மதிப்பு ஒன்றன்று. அப்புக்காத்து சட்ட அறிஞர். அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது, சிலைகூட வைக்கப்பட்டது. நொத்தாரிசோ உறுதி எழுதுபவர். இலங்கையின் சட்டக் கல்வியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் முன்னவரைப் பற்றியே கூறுவர். எனினும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நீதிமன்ற வாசலை மிதித்தறியாத கிராமத்தவருக்குச் சட்டம் என்பது பெட்டகத்தின் அடியில் மடித்து வைக்கப்பட்ட உறுதியாகவே இருந்தது. அதனை எழுதியவர் எங்கே, எவரிடம், எம்மொழியிற் சட்டம் கற்றார் என்பது வரலாற்று மாணவர் புறக்கணிக்கத்தக்க வினாவன்று.

ஒல்லாந்தர் காலத்தில் இதற்குக் கிடைக்கும் விடை சற்று வியப்பூட்டுவது. கிராமத்துப் பாடசாலை ஆசிரியரே அங்கு எழுத்து வேலைகள் அனைத்துக்கும் உரியவராயிருந்தார். பாடசாலைத் தோம்பிலே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தவர் அவர். ஊரவரின் உடன்படிக்கைகளையும் மரணசாதனங்களையும் ஓலையில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. எழுத்தறிவும் சட்டப்பணியும் ஒருவர் கையிலேயே இருந்தமையால், சட்டத்தை எழுதக் கற்பது தனியொரு கல்வியாகக் கருதப்படவில்லை. 1707ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தேசவழமையைத் தொகுத்தபொழுது, அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனை ஆராய்ந்து உடன்பட்ட பின்னரே அது நிலைபெற்றது. சட்டம் தமிழறிந்தோரின் சம்மதத்தைத் தேடி வந்த காலம் அது எனலாம். அப்பன்னிருவரும் உயர்குடியினரேயென்பதும், தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விதிகள் கூறுவதென்பதும் மறக்கத்தக்கனவல்ல.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். ஆயின் அதனை நடைமுறைப்படுத்திய நீதிமன்றங்களின் அமைப்பு முற்றிலும் வேறானது. 1801ஆம் ஆண்டின் பட்டயத்தால் உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. 1833ஆம் ஆண்டின் பட்டயம், நல்லொழுக்கமும் போதிய அறிவும் உடையோரெனப் பரீட்சித்துக் காணப்பட்டோரை அப்புக்காத்துகளாகவும் பிறக்கிறாசிகளாகவும் அனுமதிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு வழங்கியது. நீதவான் முன் நின்று வாதிடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரிடமிருந்து தத்துவம் பெற்று வழக்கைத் தொடுத்து நடத்துபவர் பிறக்கிறாசி. இவ்விருவருக்கும் ஆங்கிலமே வாயில்.

இவ்வாறு ஆங்கிலம் மேலே ஒரு கதவைத் திறந்துகொண்டிருந்த வேளையிலேயே, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் கீழே இன்னொரு கதவைத் திறந்தது. மோசடித் தடுப்புக்கென இயற்றப்பட்ட இச்சட்டத்தின்படி, காணியை விற்பதாயினும் ஈடு வைப்பதாயினும் அது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசின் முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கைச்சாத்திடப்படல் வேண்டும். அன்றேல் அது செல்லாது. வாய்மொழியாற் காணி கைமாறிய உலகம் ஒரு சட்டத்தால் முடிவுற்றது. ஊர்தோறும் நொத்தாரிசு தேவைப்பட்டார். அவர் ஊரவரின் மொழியில் எழுத வேண்டியவராகவும் இருந்தார். ஆகவே ஆங்கிலம் அறியாத ஓர் இளைஞனும் சட்டத்தைத் தொழிலாகக் கொள்ளும் வழி தமிழிலே உருவாகியது. இதனை ஆட்சியாளர் திட்டமிட்டுச் செய்தனர் எனக் கூறுதற்கில்லை. காணிப் பத்திரங்கள் ஒழுங்காக எழுதப்படவேண்டும் என்பதே அவர்களின் அக்கறை.

அவ்வழியின் பாடசாலை ஒரு திண்ணையே. மாணாக்கன் மூத்த நொத்தாரிசு ஒருவரிடம் பயிலுநனாகச் சேர்ந்தான். முதலிற் பழைய உறுதிகளைப் பிரதி செய்தான். பிரதி செய்யுந்தோறும் காணியின் பெயர், பரப்பு, குழி, நாற்றிசை எல்லைகள், உரிமை வந்த வழி ஆகியவற்றை முறைப்படி எழுதும் நடை கைவந்தது. அந்நடையிலே ஒரு முற்றுப்புள்ளிகூட வீணாக வராது. ஒரே வாக்கியம் இரு பக்கம் ஓடுவதும் உண்டு. அதன்பின்னரே பொருள் பயின்றான். சீதனம் எது, முதுசம் எது, தேடியதேட்டம் எது என்று பிரித்தறியாதவன் யாழ்ப்பாணத்தில் ஓர் உறுதியும் எழுதமுடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின் பின்னரும், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டியிருந்தது. அச்சம்மதம் இன்றி எழுதப்பட்ட உறுதியை வாங்கியவன், பல்லாண்டு சேர்த்த பணத்தைக் கொடுத்து வெறுங் கடதாசியைப் பெற்றவனாவான். 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தையே மாற்றியது. அதே ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் பங்காளியருக்கு முதலிற் காணியைக் கேட்டு வாங்கும் உரிமையை வரையறுத்தது. ஒரே ஆண்டில் வந்த இவ்விரு சட்டங்களையும் அறியாது முன்னைய மாதிரியையே பார்த்தெழுதிய கை எத்தனை குடும்பங்களை வழக்குக்கு அனுப்பியிருக்கும் என்பது எண்ணத்தக்கது. பிரதி செய்து கற்கும் கல்வியின் வலிமையும் குறையும் இவ்விடத்தே ஒருங்கே புலனாகின்றன.

குருவின் அருகிலிருந்து கற்பது நொத்தாரிசுக்கு மட்டும் உரியதன்று. பொன்னம்பலம் இராமநாதன் சட்டம் பயின்றது இராணியின் அப்புக்காத்தாக விளங்கிய சேர் றிச்சர்ட் மோர்கனிடத்திலேயே. 1870களின் முற்பகுதியில் அவர் அப்புக்காத்தாக அனுமதி பெற்றார். அவருடைய தம்பி அருணாசலமோ கேம்பிரிட்ஜிற் படித்து, லிங்கன்ஸ் இன் வழியாகப் பரிஸ்டராகி, 1875இற் போட்டிப் பரீட்சையின் மூலம் சிவில் சேவையிற் புகுந்தார். ஒரு வீட்டின் இரு பிள்ளைகள் இரு வழிகளிற் சென்றமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் அவ்வீடு கொழும்பிற் செல்வாக்குப் பெற்ற வீடு. மோர்கனின் அறைக்குள் நுழைவதற்கும் ஆங்கிலமும் குடிப்பெருமையும் வேண்டியிருந்தன. முறை ஒன்றாயினும் திண்ணையும் அறையும் ஒன்றல்ல.

1874இற் சட்டக் கல்விச் சபை நிறுவப்பட்டதோடு சட்டக் கல்லூரியின் வரலாறு தொடங்குகிறது. அதுமுதல், சட்டத்தை நாடிய வடபகுதி இளைஞனின் முன் நின்ற தெரிவு கூர்மையடைந்தது. அவன் கொழும்பு சென்று ஆங்கிலத்திற் பரீட்சைகள் எழுதி அப்புக்காத்தாகவோ பிறக்கிறாசியாகவோ வரலாம். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இலேயே நிறைவுற்றமையால் அப்பயணமே அக்காலத்தில் எளிதன்று. அல்லது கடல் கடந்து சென்னைக்குச் செல்லலாம். வட்டுக்கோட்டைச் செமினறியில் (1823-1855) பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, 1871இற் சட்டப் பட்டமும் பெற்றுப் புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தார். தமிழ் நூற் பதிப்பால் இன்று நினைக்கப்படும் அவர் சட்டத்தினால் வாழ்ந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் இயலாதவனுக்கு ஊரின் திண்ணை இருந்தது. அங்கே தங்குமிடச் செலவில்லை. ஆயின் அங்கிருந்து மேலே ஏறும் படியும் இல்லை. திண்ணையிற் பயின்றவன் எத்துணைத் திறமையுடையவனாயினும் நீதிமன்றத்தில் ஒரு சொல் பேச அவனுக்கு உரிமை கிடையாது. இருவகைக் கல்வியும் ஒன்றையொன்று சந்திக்காதவாறு அமைந்திருந்தமையே இவ்வேற்பாட்டின் பெருங் குறைபாடாகும்.

நொத்தாரிசைப் பற்றிய முறைப்பாடுகள் பொய்யல்ல. ஆளை அறியாது கைச்சாத்து வாங்கினோரும், கடன் கொடுத்தவனின் பக்கம் நின்று ஏழையின் ஒற்றிக் காணியை அறுதியாக்க உதவினோரும் இருந்தனர். 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணிப் பதிவை ஏற்படுத்தியும் பதிவேடுகள் நெடுங்காலம் சீரற்றே கிடந்தன. அவற்றை ஒழுங்குசெய்யும் பணி 1880களின் பிற்பகுதியிற் பதிவாளர் நாயகமாக அமர்ந்த அருணாசலத்திடம் வந்து சேர்ந்தது. லிங்கன்ஸ் இன்னிற் கற்றவர் திண்ணையிற் கற்றவரின் எழுத்தைத் திருத்த நேர்ந்தது என இதனைக் கொள்ளலாம். பின்னர் 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுச் சட்டம் தொழிலின் ஒவ்வோர் அசைவையும் விதிக்குள் அடக்கியது. உறுதியை நிறைவேற்றுபவரை நொத்தாரிசு அறிந்திருத்தல் வேண்டும், அன்றேல் அறிந்த சாட்சிகள் வேண்டும். அதனை வாசித்து விளக்குதல் வேண்டும். வெட்டலையும் திருத்தலையும் அத்தாட்சியிற் குறித்தல் வேண்டும். பணம் தம் முன்னிலையிற் கைமாறியதா எனக் கூறுதல் வேண்டும். ஒரு பிரதியைத் தாம் பேணி, இரண்டாம் பிரதியை மறுமாதத்துக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். பயிலுநன் மனப்பாடஞ் செய்ய வேண்டிய பாடம் இவ்வாறு அச்சில் வந்தது. எந்தப் பகுதியில், எந்த மொழியில் எழுதலாம் என்பதை அவருடைய அதிகாரப் பத்திரமே கூறியது. தமிழ் என்று எழுதப்பட்ட அப்பத்திரம், ஆங்கிலமே ஆண்ட சட்ட உலகில் தமிழுக்குக் கிடைத்த உத்தியோகபூர்வமான ஒரு சிறு நிலம்.

பின்னைய மாற்றங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கியது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிறாசி என்ற பிரிவை ஒழித்து இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அப்பிரிவு நீங்கியமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் சமத்துவம் மேல்மாடியிலே நிகழ்ந்தது. நொத்தாரிசு வேலை படிப்படியாகச் சட்டத்தரணியின் கைக்கு வந்தது. இன்று நொத்தாரிசுமாரிற் பெரும்பாலார் சட்டத்தரணிகளே. இதனாற் சட்ட அறிவு ஆழமடைந்தது என்பதில் ஐயமில்லை. திண்ணைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே படிகள் அமைக்கப்பட்டிருக்கலாமே என்ற வினா மட்டும் கேட்கப்படாமலே போயிற்று. சட்டத்தரணியல்லாதவரின் சட்ட அறிவுக்கு அரசு மீண்டும் இடந்தந்தது வேறொரு துறையில்: 1958ஆம் ஆண்டின் இணக்க சபைகளிலும், அவை 1978இல் ஒழிக்கப்பட்ட பின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகளிலும். மத்தியஸ்த சபையிற் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. பயிற்சி பெற்ற ஊரவரே பிணக்கைத் தீர்க்க முயல்வர்.

1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் பல முறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் பெட்டகத்தையும் அதனுள்ளிருந்த உறுதியையும் இழந்தன. திரும்பி வந்து தம் வளவைத் தமதென்று நாட்ட வேண்டியிருந்தோர் பலர், காணிப் பதிவகத்தில் எஞ்சியிருந்த இரண்டாம் பிரதியைத் தேடிச் சென்றனர். என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு திண்ணையில், பெயரறியப்படாத பயிலுநன் ஒருவன் குருவின் மேற்பார்வையில் எழுதிய பிரதிகளும் அவற்றுள் இருந்திருக்கும்.