ஈடன் தோட்டத்துப் பதினாறு உயிர்கள்

கல்கத்தா மாநகரின் நடுவே ஹூக்ளி நதிக்கு அணித்தாக ‘மைதான்’ என்னும் பெரும் புல்வெளி பரந்து கிடக்கிறது. அந்தப் புல்வெளியில்தான் இந்தியக் கால்பந்தின் வரலாறு பெரும்பகுதி எழுதப்பட்டது. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1891-இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங், 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களின் ஆடுகளங்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் அங்கேதான் அமைந்துள்ளன. அவற்றுக்கு அருகிலேயே, கிரிக்கெட்டுக்குப் பெயர் பெற்ற ஈடன் தோட்டம்.

1911-இல் மோகன் பகான் அணியினர், ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதை நாடறியும். அதைவிட நம்மவர் நெஞ்சில் நெடுங்காலம் நின்றது வேறொன்று. 1934 தொடங்கி 1938 வரை ஐந்தாண்டுகள் இடையறாது கல்கத்தா லீக் பட்டத்தை முகம்மதன் ஸ்போர்ட்டிங் வென்றதே அது. அதற்குமுன் எந்த இந்திய அணியும் அந்த லீக்கை ஒருமுறைகூட வென்றதில்லை. வெள்ளையர் அணிகளின் தனிச்சொத்தாக அது இருந்தது. மழையில் நனைந்த களத்தில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து, ஈர நாள்களில் இலேசான காலணி அணிந்து ஆடும் வழக்கத்தை அவ்வணியினர் கைக்கொண்டனர். வெற்றிக்கு அது பெருந்துணையாயிற்று. 1940-இல் டூரண்டு கோப்பையையும் வென்றனர். அவ்வணியின் முகம்மது சலீம் 1936-இல் ஸ்காட்லாந்து சென்று, செல்ட்டிக் கழகத்துக்காக வெறுங்காலுடன் ஆடிக் காட்டிய செய்தி தனிக் கட்டுரைக்கு உரியது.

பெருமையை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது வரலாறாகாது. இந்த மூன்று கழகங்களின் ஆட்டங்களிலும் கல்லெறியும் கைகலப்பும் அடிக்கடி நிகழ்ந்தன. முப்பதுகளின் பிற்பகுதியில் நாட்டின் அரசியல் கொதிப்பும் சமயப் பிணக்கும் காலரிகளுக்குள் புகுந்தன. பிரிவினைக்குப் பிறகு அந்தப் பகைமையின் முகம் மாறியது. கிழக்கு வங்காளத்திலிருந்து உடைமைகளை இழந்து வந்த அகதிக் குடும்பங்கள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தம் சொந்த ஊராகவே பாவித்தன. மேற்கு வங்காளத்தின் பூர்விகக் குடிகள் மோகன் பகானைப் பற்றி நின்றனர். முன்னவர் ‘பாங்கால்’, பின்னவர் ‘கோட்டி’. ஈஸ்ட் பெங்கால் வென்றால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால். இந்த ஹில்சா நம் ஊர் மீனங்காடிகளில் உள்ளம் என்று விற்கப்படுவதுதான். அன்று மாலைச் சந்தையில் எந்த மீனின் விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தே ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடலாம் என்று கல்கத்தாவில் வேடிக்கையாகப் பேசுவார்கள்.

வேடிக்கை எல்லை கடந்த நாள்களும் உண்டு. 1975-இல் ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானைத் தோற்கடித்தது. அந்தத் தோல்வியைத் தாங்காத இளைஞர் ஒருவர், அடுத்த பிறவியில் சிறந்த ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்னும் கருத்துப்பட எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ரசிகர்கள் இதை இன்றளவும் ஒருவகைப் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறார்கள். அந்தப் பெருமிதம் எனக்கு அச்சத்தையே தருகிறது.

இனி 1980-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு கல்கத்தாக் கால்பந்து உலகம் தலைகீழாகியிருந்தது. ஈஸ்ட் பெங்காலின் முன்னணி வீரர்கள் பலர் ஒருசேரக் கழகத்தை விட்டு வெளியேறி முகம்மதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்திருந்தனர். வெறுமையான இடத்தை நிரப்ப வந்தவர்களுள் ஈரானைச் சேர்ந்த மஜீத் பிஷ்கர், ஜம்ஷீத் நஸீரி ஆகிய இருவரும் அடங்குவர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற மாணவர்கள் அவர்கள். இந்தியக் களங்களில் ஆடிய அயல்நாட்டினருள் மஜீதுக்கு இணை இல்லை என்று சொல்லும் முதியவர்கள் கல்கத்தாவில் இன்றும் உள்ளனர். பின்னர் அவ்விருவரும் முகம்மதனுக்காகவும் ஆடினார்கள்.

நாட்டின் நிலையும் அந்த வாரத்தில் நன்றாக இல்லை. ஆகஸ்டு 13-ஆம் நாள் நோன்புப் பெருநாள் தொழுகையின்போது மொராதாபாத் ஈத்காவில் நடந்த துப்பாக்கிச்சூடும் அதைத் தொடர்ந்த கலவரமும் நாட்டையே உலுக்கியிருந்தன. அதன் துயரம் ஆறுமுன்னே, மூன்றாம் நாள் சனிக்கிழமை, ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக் ஆட்டத்தில் மோதின.

கழகங்களின் சொந்த ஆடுகளங்கள் சிறியவை. பெரிய ஆட்டம் என்றால் கூட்டம் கொள்ளாது. ஆகவே கிரிக்கெட்டுக்கென அமைந்த ஈடன் தோட்டத்தையே நாடினர். 1977 செப்டம்பரில் பெலே தம் காஸ்மாஸ் அணியுடன் வந்து மோகன் பகானை எதிர்த்து ஆடியதும் அங்கேதான். ஆனால் கால்பந்து ரசிகர்களுக்கு உரிய ஏற்பாடு எதுவும் அங்கே செய்யப்படவில்லை. இரு தரப்பு ஆதரவாளர்களும் ஒரே காலரியில், அடுத்தடுத்த இருக்கையில் கலந்து அமர்ந்தார்கள். ஒருவன் துள்ளிக் குதிக்கும்போது பக்கத்தில் இருப்பவன் தலையில் கை வைத்துக்கொள்வான். அதுவரை அது பெரும்பாலும் கேலியோடு முடிந்து வந்தது.

அன்று களத்திலே ஆட்டம் தொடக்கம் முதலே முரட்டுத்தனமாக இருந்தது. மோகன் பகானின் ஓரக்கள முன்னணி வீரரை ஈஸ்ட் பெங்காலின் தற்காப்பு வீரர் மீண்டும் மீண்டும் முறையின்றித் தடுத்தார். இரண்டாம் பாதியில் பொறுமையிழந்தவர் திருப்பித் தாக்கினார். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். அந்தக் கணத்தில் காலரியில் மூண்ட சண்டை சில நிமிடங்களில் கட்டுக்கடங்காமல் போயிற்று. கற்கள் பறந்தன. அஞ்சியோடியவர்கள் குறுகிய படிகளை நோக்கி ஒரே வேளையில் பாய்ந்தார்கள். கீழே விழுந்தவர் எழ முடியவில்லை. மேல்தளத்திலிருந்து குதித்தவர்களும் உண்டு. பதினாறு பேர் மாண்டனர். அவர்கள் விளையாட்டுப் பார்க்கப் போனவர்கள்; பெரும்பாலோர் இளைஞர்கள்.

வியப்பும் வேதனையும் தருவது என்னவெனில், ஆட்டம் நிற்கவில்லை என்பதே. மைதானத்தின் ஒரு பகுதியில் மனிதர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மற்றப் பகுதியில் இருந்தோர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஆடிய வீரர்களுக்கே சாவின் அளவு ஆட்டம் முடிந்த பின்னர்தான் தெரியவந்தது. கோல் ஏதுமின்றி, 0-0 என ஆட்டம் முடிந்தது. கோல் இல்லாத அந்த ஆட்டத்தை ஆட்டமாக நினைவில் வைத்திருப்பவர் எவருமில்லை. அவ்வாண்டு லீக் போட்டி முடிவு பெறாமலே கைவிடப்பட்டது. மறு ஆண்டு, 1981-இல், பட்டத்தை வென்றது முகம்மதன் ஸ்போர்ட்டிங். அதன்பின் அக்கழகம் மீண்டும் அப்பட்டத்தைக் காண 2021 வரை நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழைய ரசிகர்கள் இந்த நாளைப் பற்றிப் பேசும்போது, பேச்சு எப்போதும் அந்த இரு வீரர்களிடமே போய் நிற்கிறது. யார் முதலில் தாக்கினார், நடுவர் முன்னமே எச்சரித்திருக்க வேண்டாமா, அட்டை காட்டியது முறைதானா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். இந்த வழக்காடல் எனக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. முரட்டு ஆட்டம் உலகெங்கும் உள்ளது. சிவப்பு அட்டை நாள்தோறும் காட்டப்படுகிறது. அதனால் மட்டும் பதினாறு பேர் சாவதில்லை. சண்டையை மூட்டியது களத்து நிகழ்ச்சி என்றே வைத்துக்கொண்டாலும், உயிரைப் பறித்தது படிக்கட்டும் வாயிலும் அல்லவா?

ஈடன் தோட்டம் முன்னமே இருமுறை எச்சரித்திருந்தது. 1967 புத்தாண்டு நாளன்று மேற்கிந்தியத் தீவுகளுடனான டெஸ்ட் போட்டியில், கொள்ளுமளவுக்கு மேல் கூட்டம் சேர்ந்து கலகம் மூண்டு தீவைப்பில் முடிந்தது. அன்றைய ஆட்டமே நடைபெறவில்லை. 1969 டிசம்பரில் ஆஸ்திரேலிய டெஸ்டுக்கான டிக்கெட் வரிசையில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தனர். அவை இரண்டும் கிரிக்கெட். எந்தக் கழகப் பகையும் அங்கே இல்லை. கூட்டத்தைக் கணக்கிடாமல் உள்ளே விடும் பழக்கமும், வெளியேறும் வழியைப் பற்றிக் கவலைப்படாத மனநிலையும் இருந்தன. பதினொரு ஆண்டுகள் கழித்தும் அவை மாறவில்லை.

அயல்நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1964 மே 24-இல் பெருவின் தலைநகரான லிமாவில், அர்ஜெண்டினாவுடனான ஆட்டத்தில் பெருவின் கோல் ஒன்று ஏற்கப்படாமல் போனதும் ரசிகர் சிலர் களத்தில் இறங்கினர். போலீசார் கண்ணீர்ப்புகை வீசினர். மக்கள் படிவழியே தெருவை நோக்கி ஓடினர். அடியில் இருந்த இரும்புக் கதவுகள் மூடிக் கிடந்தன. 328 பேர் மாண்டனர். நடுவரின் முடிவைத்தான் உலகம் நினைவில் வைத்துள்ளது, மூடிய கதவுகளை அல்ல. 1989 ஏப்ரல் 15-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் நெரிசலுக்கு இரையானோர் தொகை 97. குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று போலீசார் பழி சுமத்தினர். அது பொய் என்றும், மாண்டவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டவர்களே என்றும் ஒரு விசாரணை மன்றத்தின் வாயால் கேட்க, அக்குடும்பங்கள் 2016 வரை, அதாவது 27 ஆண்டுகள், போராட வேண்டியிருந்தது.

எல்லாவற்றினும் தெளிவான சான்று இந்தோனேசியாவினது. 2022 அக்டோபர் 1-ஆம் நாள் இரவு, கிழக்கு ஜாவாவின் மலாங் நகருக்கு அருகே கஞ்சுருகான் மைதானத்தில் அரேமா அணி பெர்செபாயாவிடம் தோற்றது. கலவரம் நேரக்கூடாது என்பதற்காக எதிரணி ரசிகர்கள் எவரையும் அன்று அனுமதிக்கவேயில்லை. மைதானத்தில் இருந்தவர் அனைவரும் ஒரே அணியின் ஆதரவாளர்கள். தோல்வி பொறாது சிலர் களத்தில் இறங்கியதும் போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைக் காலரிகளின் மேலும் வீசினர். குறுகிய வாயில்களில் நெரிந்து 135 பேர் இறந்தனர். அவர்களுள் சிறுவர்களும் பலர். பகைவன் ஒருவன்கூட இல்லாத இடத்தில் நடந்த சாவு அது. ரசிகர்களைப் பிரித்து உட்கார வைத்தாலே போதும் என்று எண்ணுவோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஈடன் தோட்டத்து மாலையை வங்காளம் மறக்கவில்லை. வங்காளியின் உயிர் கால்பந்தே என்று கொண்டாடும் பாடலை 1971-இல் ‘தன்யி மேயே’ என்னும் படத்துக்காகப் பாடியவர் மன்னா தே. அதே மன்னா தே, ஆட்டம் பார்க்கப் போய் வீடு திரும்பாத மகன் ஒருவனைப் பற்றி, இந்தத் துயரத்துக்குப் பின் மற்றொரு பாடலைப் பாடினார். ஒரே குரல், ஒரே விளையாட்டு; இடையில் பதினாறு உயிர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ஐக் கால்பந்து அன்பர் தினமாகக் கொண்டு இரத்ததான முகாம்கள் நடத்துகிறார்கள். இரு கழகத்தாரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக் குருதி தருவதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அந்தத் தேதிக்கு வேறொரு பாரமும் உண்டு. 1946 ஆகஸ்டு 16-இல்தான் கல்கத்தாவின் பெருங்கொலை தொடங்கியது. அன்றைய பொதுக்கூட்டம் கூடியதும் இதே மைதானில்தான். 2021-இல் மேற்கு வங்க அரசு ஆகஸ்டு 16-ஐ விளையாட்டு நாளாக அறிவித்தபோது, மாண்ட ரசிகர்களின் நினைவாக என்று அரசுத் தரப்பு கூற, 1946-ஐச் சுட்டி எதிர்க்கட்சியினர் கண்டித்தனர். மாண்டவர்கள் இரு தரப்பாரின் சொல்லம்புகளுக்கு இடையே அகப்பட்டுக்கொண்டார்கள். கட்சிகளின் வாதத்தில் எனக்கு அக்கறையில்லை. ஒரு தேதியில் இரு துயரங்களுக்கு இடமுண்டு. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

1984-இல் சால்ட் லேக் மைதானம் திறக்கப்பட்டதும் பெரிய ஆட்டங்கள் அங்கே பெயர்ந்தன. 1997 ஜூலையில் பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு அணிகளும் மோதியபோது 1,31,000 பேர் கூடினர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. அத்தனை பெரிய கூட்டம் அன்று பத்திரமாக வீடு திரும்பியது. ஆனால் 2012 டிசம்பர் 9-ஆம் நாள் அதே மைதானத்தில், ஒரு சிவப்பு அட்டையைத் தொடர்ந்து காலரியிலிருந்து கல் பறந்தது. மோகன் பகான் வீரர் சையது ரஹீம் நபியின் முகத்தில் அது பட்டு, அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். இடைவேளைக்குப் பின் களமிறங்க மோகன் பகான் மறுத்துவிட்டது. முதலில் அக்கழகத்தை லீக்கிலிருந்தே விலக்கிய நிர்வாகம், பின்னர் 2 கோடி ரூபாய் அபராதத்தோடும் புள்ளிக் குறைப்போடும் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

2024 ஆகஸ்டு 18-ஆம் நாள் டூரண்டு கோப்பையில் இவ்விரு அணிகளும் மோதுவதாக இருந்தது. கல்கத்தாவில் அரசு மருத்துவமனை ஒன்றில் இளம்பெண் மருத்துவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டிருந்த நேரம். நகரமே தெருவில் நின்றது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். பூட்டிய மைதானத்தின் முன்னே அன்று மாலை ரசிகர்கள் திரண்டனர். மோகன் பகானின் பச்சையும் மெரூனும், ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் பொன்னும், முகம்மதனின் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக உயர்ந்தன. அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டு மூன்று கழகத்தாரும் ஒரே குரலில் முழங்கினார்கள். போலீசார் தடியடி நடத்தினர். கூட்டம் கலைந்து, மீண்டும் கூடியது.