தாமே நிரப்பும் கைத்துப்பாக்கியும் கனத்த ஈயக்குண்டும்

கைத்துப்பாக்கிக் குண்டின் மூக்கு எவ்வடிவினதாயிருத்தல் வேண்டும் என்னும் வினா 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரிதாக எழவில்லை. றிவோல்வரின் சுழலுருளையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி அறை உண்டு. கையால் இட்ட தோட்டா இட்ட இடத்திலேயே கிடந்து வெடித்தது. குண்டு கூராயிருப்பினும் மொட்டையாயிருப்பினும் பொறிக்கு அதனாற் கேடு விளைந்திலது. அமெரிக்கப் படை 1873இல் ஏற்றுக்கொண்ட கோல்ற் றிவோல்வர் ஏறக்குறைய 250 கிரெயின் நிறையுள்ள வெறும் ஈயக்குண்டையே செலுத்தியது.

இந்நிலையை மாற்றியவர் ஊகோ போர்ச்சாட் ஆவர். 1893இல் அவர் ஆக்கிய துப்பாக்கி, வெடியின் பின்னுதைப்பையே ஏவலாளாகக் கொண்டு வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே குழலுக்குள் ஏற்றியது. ஈண்டுத்தான் குண்டின் வடிவம் பொறியின் உறுப்பாக மாறிற்று. பிடியினுள்ளிருக்கும் பெட்டியிலிருந்து தள்ளப்படும் தோட்டா முதலில் ஒரு சிறு சாய்தளத்திலே மூக்கை முட்டும். பின்னர் அதன்மீது வழுக்கி ஏறி, நிமிர்ந்து, குழலறையுட் புகும். இவை யாவும் கண்ணிமைக்கும் நேரத்துள் நிகழ்தல் வேண்டும். மெல்லிய ஈயமூக்கு சாய்தளத்தில் மோதி நசுங்கலாம். மொட்டை மூக்கின் விளிம்பு குழல்வாயிற் சிக்கலாம். ஆதலின் உருண்ட மூக்கும், அதன்மேல் கடின உலோக உறையும் இத்துப்பாக்கிகளுக்குப் பெரிதும் பொருந்தின. செப்புறையிட்ட குண்டைச் சுவிற்சலாந்தின் எதுவார்ட் றூபின் 1882இலேயே துவக்குகளுக்கென ஆக்கியிருந்தமை இதற்கு வாய்ப்பாயிற்று. சுவிஸ் படை 1900இல் ஏற்ற லூகர் கைத்துப்பாக்கியின் குண்டு 93 கிரெயின் மட்டுமே. விரைவு மிகுதி, நிறை குறைவு.

கனத்த குண்டின்மேல் வேட்கை பிறந்த இடம் பிலிப்பைன் தீவுகள். 1899இல் அங்கு போர் மூண்டபோது அமெரிக்கர் கையிலிருந்தது, 1892இல் ஏற்ற .38 அளவுடைய றிவோல்வர். அதன் குண்டு 150 கிரெயின், விரைவும் குறைவு. தெற்குத் தீவுகளின் மோரோ முஸ்லிம்கள், குண்டு பட்ட பின்னரும் வாளுடன் பாய்ந்து வந்தனரென முறைப்பாடுகள் குவிந்தன. பழைய .45 றிவோல்வர்கள் மீண்டும் வழங்கப்பட்டன. தம் மண்ணிலே நின்று போரிட்டோரின் உறுதியைக் குண்டின் நிறைக்கணக்காகவே கண்டது படைத்தலைமை. 1906 மார்ச்சில் பட் டாஜோ மலையிலே பெண்டிரும் பிள்ளைகளுமாகப் பல நூற்றுவர் கொல்லப்பட்டமையை நினைப்பின், குண்டு போதவில்லை என்னும் முறைப்பாட்டை அப்படியே ஏற்றல் அரிது.

1904இல் படைக்கலப் பகுதியினரான ஜோன் தொம்சனும் மருத்துவரான லூயிஸ் லகார்டும் இதனை ஆராயப் பணிக்கப்பட்டனர். சிக்காகோவின் இறைச்சிக் கொட்டில்களிலே மாடுகளைச் சுட்டனர். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு அவை ஊசலாடும் அளவை நோக்கினர். ஊசலாட்டத்துக்கும் உயிருள்ளோன் வீழ்தற்கும் யாது தொடர்பு என்பது வேறு கதை. .45 அங்குலத்திற் குறைந்த குழல் ஆகாதென்பதே அவர்தம் முடிபு. அம்முடிபு சரியாயினும், அதற்கு அடிப்படையாகக் காட்டிய சான்றுகள் மெலிந்தவை என்றே கூறல்வேண்டும்.

இவ்விரு வேண்டுதல்களையும் ஒன்றாக்கியவர் ஜோன் பிரௌணிங். கோல்ற் தொழிற்சாலைக்காக 1905இல் அவர் அமைத்த .45 துப்பாக்கியின் குண்டு 200 கிரெயின். படையினரோ இன்னுங் கனத்தது வேண்டினர். 230 கிரெயின் குண்டு பிறந்தது. செக்கனுக்கு 830 அடி அளவில் மெல்லெனச் செல்லும் இவ்வுருண்ட குண்டைச் சுற்றியே சாய்தளமும் சுருள்வில்லும் அளவிடப்பட்டன. 1911 மார்ச்சில் நிகழ்ந்த இறுதிச் சோதனையில் 6,000 வெடிகள் தீர்க்கப்பட்டன. சூடேறிய துப்பாக்கியை நீரில் அமிழ்த்தி மேலும் சுட்டனர். கோல்ற் ஒருமுறையும் தடைப்படவில்லை. போட்டியிட்ட சாவேஜ் 37 முறை பிழைத்தது. அம்மாதம் 29ஆந் திகதி கோல்ற் ஏற்கப்பட்டது. மோரோக்களை அடக்கிய துப்பாக்கி இதுவேயெனும் வழக்குக் கதை காலக்கணக்கோடு ஒட்டாது. பட் டாஜோ நிகழ்ந்து ஐந்தாண்டின் பின்னரே அது பிறந்தது.

உறையிட்ட குண்டு விலை கூடியது. குறிப்பயிற்சியாளர் பலர் ஈயத்தை வீட்டிலே உருக்கி வார்க்கலாயினர். 1884இல் ஜோன் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் அச்சுகள் (அந்நிறுவனம் 1925இல் லைமன் கைக்கு மாறிற்று) றிவோல்வர்க்காரருக்கு முன்னரே பழக்கமானவை. ஆனால் றிவோல்வரில் இயன்றது இங்கு எளிதில் இயலவில்லை. 327 பாகையில் உருகும் தனி ஈயம் மிக மென்மையானது. அந்திமனியும் வெள்ளீயமும் கலந்தே கடினமாக்க வேண்டியிருந்தது. அச்சுக்கூடங்களில் எழுத்து வார்த்த கலவையும் இம்மூன்றினாலேயே ஆனது. லைனோரைப் இயந்திரங்களின் கழிவுலோகத்தை அமெரிக்கர் விரும்பித் தேடினர். செய்யுள் அச்சிட்ட ஈயம் குண்டாகியதும் உண்டு!

இன்னொரு சிக்கல் கூட்டின் வாயில். றிவோல்வர்த் தோட்டாவை அடிவிளிம்பு நிறுத்தும். ஆகவே கூட்டின் வாயை உள்ளே சுருட்டிக் குண்டை இறுகப் பற்றச் செய்யலாம். .45 தானியங்கித் தோட்டாவோ தன் வாய் விளிம்பினாலேயே அறையில் நிற்கின்றது. அதனைச் சுருட்டினால் நிற்குமிடம் கெடும். இறுக்காது விட்டாலோ சாய்தளத்தின் மோதலால் குண்டு கூட்டினுட் பின்வாங்கி, அழுத்தத்தை ஏற்றிவிடும். மெல்லச் சரிவாக ஒடுக்குவதே வழியாயிற்று. நீண்ட கனத்த குண்டு பெட்டியின் அளவுக்கு அடங்கக் கூட்டினுள் ஆழ இறங்குவதால் மருந்துக்குரிய இடமும் சுருங்கிற்று. 9 மில்லிமீற்றர்த் தோட்டாவின் சிறு கூட்டில் இவ்விடர் பெரிது.

தாளிலே வட்டமான துளை வேண்டிய போட்டியாளர் தோளுடைய மொட்டைக்குண்டை நாடினர். ஹென்ஸ்லி-கிப்ஸ் நிறுவனத்தின் 68ஆம் இலக்க அச்சு இதற்குப் பேர்போனது. அதன் குண்டு ஏறக்குறைய 200 கிரெயின். மூக்கை நீட்டி, தோளைக் கூட்டின் வாய்க்குச் சற்று வெளியே நிறுத்தியமையால் அது உருண்ட குண்டு சென்ற வழியையே தொட்டுச் சென்றது. மெல்லிய வெடிக்கு வலுக்குறைந்த சுருள்வில் தேவைப்பட்டது, சாய்தளத்தையும் மெருகிட்டனர். 1961இல் சிமித்-வெசன் நிறுவனம் வெளியிட்ட 52ஆம் மாதிரி இன்னும் ஒருபடி சென்றது. கூட்டின் வாயோடு சமமாய் நிற்கும் 148 கிரெயின் முழுமொட்டைக் குண்டையே அது ஏற்றியது. ஆயின் அதன் பெட்டியில் ஐந்து தோட்டாக்களே அடங்கின, வேறு நீளமான தோட்டா அதற்கு ஆகாது. பின்னர் ஈய எழுத்து அச்சுமுறை அருகியபோது லைனோரைப் உலோகமும் அரிதாயிற்று. வார்ப்போர் வாகனச் சில்லுகளின் சமன்செய் ஈயத்தைத் தேடலாயினர்.